நிலுவையில் வைக்கப்பட்ட ஒரு பாட்டரி

காலை நடை முடிந்ததும் காந்தி சிலைக்கு எதிரே உட்காரும் எங்கள் நால்வர் கூட்டத்தில் ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. போன வாரம் பேரன் புதிதாக வாங்கிய மின்சாரக் காரில் வந்து இறங்கினார். சத்தம் இல்லை, புகை இல்லை. இறங்கியதும் எங்களைப் பார்த்து, "பாத்தீங்களா, சைனாக்காரன் என்னமா கண்டுபிடிச்சிருக்கான்!" என்றார்.

"இது சைனாக்காரன் கண்டுபிடிச்சது இல்லப்பா, உன் பிரான்சுக்காரன் கண்டுபிடிச்சது. அதுவும் நம்ம தாத்தா காலத்துக்கு முன்னாடி" என்றேன். அவர் நம்பவில்லை. மற்ற இருவரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு எங்கோ போய் நின்றது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பௌதிக வகுப்பில் எங்கள் மிசியே கரும்பலகையில் ஒரு ஜாடி வரைந்து, உள்ளே இரண்டு ஈயத் தகடுகளை வரைந்து, கந்தக அமிலத்துக்குக் கோடு போட்டு, மேலே 'லாக்குமுலாத்தேர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியது இன்றும் கண்ணில் நிற்கிறது. 1859இல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது அது. மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுச் செத்துப் போகாமல், திரும்பச் சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தக்கூடிய முதல் பாட்டரி. 1881இல் காமிய் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின்மேல் ஈயக் கலவையைப் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். அதே ஆண்டு பாரிஸ் தெருவில் குஸ்தாவ் த்ரூவே பாட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். 1899 ஏப்ரல் 29ஆம் தேதி பாரிசுக்கு அருகே அஷேர் என்ற இடத்தில் காமிய் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் வேகம் காட்டினார். மனிதன் காரில் 100 கிலோமீட்டரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அந்தக் கார் மின்சாரக் கார். பார்க்க டார்பிடோ குண்டு மாதிரி இருக்கும். பெயர் 'லா ழமே கோந்தான்த்'. 'எதிலும் திருப்தியே அடையாதவள்' என்று அர்த்தம். மிசியே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, தம் வீட்டு மதாமை நினைத்தோ என்னவோ, தானே சிரித்துக்கொள்வார். அந்த வண்டி இன்றும் பிரான்சில் கொம்பியேன் நகரத்துக் கார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1900இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரக் கார்கள். பிறகு டெக்சாசில் எண்ணெய் பீறிட்டது, ஃபோர்டு 'மாடல் டி' வந்தது, ஊர் விட்டு ஊர் போகச் சாலைகள் வந்தன. பெட்ரோல் காரில் இருந்த ஒரே பெரிய தொல்லை, முன்னால் நின்று கம்பியைச் சுழற்றிக் கிளப்புவது. கை ஒடிந்தவர்கள் உண்டு. 1912இல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்து அந்தத் தொல்லையும் தீர்ந்தது. அந்த ஸ்டார்ட்டருக்கு வேண்டியது என்ன? பிளாந்தேயின் ஈயப் பாட்டரிதான்! தன் வண்டியைத் தோற்கடித்தவன் வீட்டிலேயே அது வேலைக்குச் சேர்ந்தது. இதுவரை நடந்ததை நியாயமான போட்டி என்றே சொல்லலாம். ஈயம் கனம், தூரம் போகாது, பெட்ரோல் மலிவு. யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு 80 வருடம் கழித்து நடந்தது.

ஸ்டான்ஃபோர்டு ஓவ்ஷின்ஸ்கி என்று ஒரு அமெரிக்கர். 1922இல் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரில் பிறந்தவர். அப்பா லித்துவேனியாவில் இருந்து வந்த யூதர், பழைய இரும்பு சேகரித்து விற்றவர். மகன் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. லேத் பட்டறை ஆள். இரவில் நூலகத்தில் படித்துப் படித்தே விஞ்ஞானி ஆனார். 1960இல் மனைவி ஐரிஸுடன் சேர்ந்து டெட்ராய்ட்டில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். பிற்பாடு 'எனர்ஜி கன்வெர்ஷன் டிவைசஸ்' என்று பெயர் பெற்றது அதுதான். பெட்ரோலுக்கு மாற்று கண்டுபிடிக்கவேண்டும் என்பது இருவருக்கும் ஒரு விரதம் மாதிரி.

1980களில் அந்தக் கூடத்தில் உருவானது நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடு பாட்டரி. அதன் ரகசியம் ஒரு உலோகக் கலவை. பல உலோகங்களை, ஒழுங்கான படிகமாக அடுக்காமல், வேண்டுமென்றே தாறுமாறாகச் சேர்த்துச் செய்தது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல அது ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கேட்கும்போது கொடுக்கும். ஈயம் கிடையாது, காட்மியம் கிடையாது. ஒரே எடைக்கு ஈயப் பாட்டரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் பிடிக்கும். ஓவ்ஷின்ஸ்கி அதற்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். இந்தக் காப்புரிமைதான் கதையின் மையம்.

1990 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் 'இம்பாக்ட்' என்ற மின்சாரக் காரை லாஸ் ஏஞ்சலீஸ் கண்காட்சியில் காட்டியது. அதைப் பார்த்து உற்சாகமடைந்த கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு விதி போட்டது. பெரிய கம்பெனிகள் அந்த மாநிலத்தில் விற்கும் கார்களில் 1998இல் 2 சதவீதமும், 2001இல் 5 சதவீதமும், 2003இல் 10 சதவீதமும் புகையே விடாதவையாக இருக்கவேண்டும். கம்பெனிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1991இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றும் அரசுப் பணத்துடன் ஒரு பாட்டரிக் கூட்டமைப்பு அமைத்தன. 1992இல் அதன் முதல் ஒப்பந்தம் ஓவ்ஷின்ஸ்கியின் பாட்டரிக்கே கிடைத்தது. 1994இல் ஜெனரல் மோட்டார்ஸ் அவருடன் கூட்டுக் கம்பெனி தொடங்கியது. அதில் 60 சதவீதம் ஜெனரல் மோட்டார்ஸுக்கு.

இனிமேல் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். கோப்பு படித்தவனுக்குத் தேதிதான் சாட்சி.

1996இல், 'பாட்டரி இன்னும் தயாராகவில்லை' என்ற வாதத்தை ஏற்று வாரியம் 1998 முதல் 2002 வரைக்குமான விதியை ரத்து செய்தது. அதே 1996இல் சொலெக்ட்ரியா என்ற சிறு கம்பெனியின் கார், ஓவ்ஷின்ஸ்கியின் பாட்டரியைப் போட்டுக்கொண்டு ஒரே சார்ஜில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸின் 'இ.வி.1' தெருவுக்கு வந்தது. எந்தப் பாட்டரியுடன்? பழைய ஈயப் பாட்டரியுடன்! அரை டன்னுக்கு மேல் கனம். நல்லபடியாக ஓட்டினால் 110 முதல் 160 கிலோமீட்டர். நல்ல பாட்டரிக் கம்பெனியில் 60 சதவீதம் கையில் இருந்தும், அந்தப் பாட்டரி இ.வி.1க்குள் வர 1999 ஆகிவிட்டது. வந்ததும் தூரம் 160 முதல் 225 கிலோமீட்டர் ஆனது.

அந்தக் காரை யாரும் விலைக்கு வாங்க முடியாது. குத்தகைக்கு மட்டும்தான். மொத்தம் செய்தது 1,117 வண்டி. ஓட்டியவர்கள் அதை விடமாட்டேன் என்றார்கள். காசு கொடுக்கிறோம், உத்தரவாதம் வேண்டாம், எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்றார்கள். 2002இல் திரும்ப வாங்கும் வேலை ஆரம்பித்தது. 2003இல் திட்டமே மூடப்பட்டது. நான்கு ஆண்டுகளில் 800 வண்டிதான் குத்தகைக்குப் போனது, உதிரிபாகம் கிடைக்காது என்று கம்பெனி காரணம் சொன்னது. 2005இல் பர்பாங்க் நகரத்துக் கொட்டடியில் மிச்சமிருந்த 78 வண்டிகளுக்குமாகச் சேர்த்து 19 லட்சம் டாலர் தருகிறோம் என்று ஆர்வலர்கள் முன்வந்து, இரவும் பகலும் வெளியே காவல் இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. லாரியில் ஏற்றிப்போனார்கள். பெரும்பாலான இ.வி.1 கார்கள் நசுக்கப்பட்டன. சில வண்டிகள் ஓடமுடியாதபடி செய்யப்பட்டு அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போயின.

கார் போனால் போகட்டும், பாட்டரி இருக்கிறதே, வேறு கம்பெனி வாங்கிப் போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

2000 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் கூட்டுக் கம்பெனியில் தன் பங்கை விற்றது. வாங்கியது டெக்சாக்கோ. ஆமாம், பெட்ரோல் பங்க் டெக்சாக்கோதான். அதே மாதத்தில் டெக்சாக்கோவைத் தன்னோடு இணைப்பதாக செவ்ரான் அறிவித்தது. 2001இல் இணைப்பு முடிந்தது. இப்படியாக, மின்சாரக் காரின் பெரிய பாட்டரிக்கான காப்புரிமையின் சாவி, உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் ஒன்றின் இடுப்பில் போய்ச் சேர்ந்தது. கூட்டுக் கம்பெனிக்குப் பிற்பாடு 'கோபாசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். பாதி செவ்ரான், பாதி ஓவ்ஷின்ஸ்கியின் கம்பெனி. இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் காசோலை செல்லும் என்பதுபோல, ஒருவர் அசையாமல் மற்றவர் அசைய முடியாது.

ஜப்பானில் டொயோட்டாவும் பானசோனிக்கும் இதே வகைப் பாட்டரியைச் செய்துகொண்டிருந்தன. டொயோட்டாவின் ராவ்4 மின்சார வண்டி அதில்தான் ஓடியது. தென் கலிபோர்னியாவின் மின்சாரக் கம்பெனி அந்த வண்டிகளைத் தன் வேலைக்கு ஓட்டிப் பார்த்தபோது, சில வண்டிகள் அதே பாட்டரியுடன் 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டின. 'பாட்டரி தயாராகவில்லை' என்று யாரோ சொன்னார்களே, அதற்கு இதுதான் பதில். ஆனால் காப்புரிமை வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போய், 2004 ஜூலையில் சமரசம் ஆயிற்று. ஜப்பான் தரப்பு 3 கோடி டாலர் கொடுத்தது. கூடவே, வட அமெரிக்காவில் சில வகைப் போக்குவரத்துப் பயன்பாடுகளுக்கான உரிமை 2010 ஜூன் 30 வரை அவர்களுக்குக் கிடையாது என்றும் எழுதிக்கொண்டார்கள்.

பிரியஸ் கார் உங்களில் சிலர் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போனபோது பார்த்திருப்பீர்கள். அதில் இருந்ததும் நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடுதான். ஆனால் பெட்ரோல் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்னப் பாட்டரி. லட்சக்கணக்கில் ஓடியது. சின்னது கிடைத்தது. பெட்ரோலே வேண்டாம் என்று சொல்லக்கூடிய பெரியதுதான் கிடைக்கவில்லை. பெரிய எண்ணிக்கையில் ஆர்டர் கொடுத்தால்தான் செய்து தருவோம் என்று கோபாசிஸ் சொன்னதாக, சிறு அளவில் வாங்க நினைத்தவர்கள் குறைபட்டார்கள்.

இந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு எழுத ஓடவில்லை. இரண்டு நாள் மூடி வைத்துவிட்டேன். காரணம் சொல்லிவிடுகிறேன்.

1983 என்று நினைவு. நான் அப்போது யு.டி.சி. எந்த இலாகா என்பது வேண்டாம். வில்லியனூர் பக்கத்தில் இருந்து ஒரு லேத் பட்டறைக்காரர் மனு கொடுத்திருந்தார். பம்புசெட்டின் ஃபுட்வால்வைத் தன் கையாலேயே மாற்றி அமைத்திருந்தார். தண்ணீர் தடையில்லாமல் ஏறும், மின்சாரம் குறையும் என்றார். இலாகா அதைச் சோதித்துப் பார்த்து ஒரு சான்று கொடுத்தால் போதும், பாங்க்கில் கடன் கிடைக்கும். அவ்வளவுதான் மனு. நான் நன்றாகவே நோட்டு எழுதி மேலே அனுப்பினேன். சூப்பரிண்டெண்ட் என்னைக் கூப்பிட்டார். ஏற்கெனவே ஒரு பெரிய சப்ளையரிடம் வால்வு வாங்கும் ஏற்பாடு இருந்தது. "இதை ரிஜெக்ட் பண்ணிடாதய்யா. பண்ணா மேல அப்பீலுக்குப் போவான். ஏதாவது ஒரு கொஸ்டின் போட்டுத் திருப்பு" என்றார்.

போட்டேன். வரைபடம் மூன்று பிரதி வேண்டும் என்றேன். கொண்டுவந்தார். உலோகத்தின் தரத்துக்குச் சான்று வேண்டும் என்றேன். மெட்ராஸ் போய் வாங்கி வந்தார். ஐந்து விவசாயிகளின் ஒப்புதல் கடிதம், பிறகு கிராம அதிகாரி அத்தாட்சி. ஒவ்வொரு முறையும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் மேஜைக்கு எதிரே நின்று, "ஐயா, இதோட முடிஞ்சிடுங்களா?" என்பார். உட்காருங்கள் என்று நான் சொன்னதில்லை. இரண்டரை வருடம் நடந்தது. பிறகு வருவதை நிறுத்திவிட்டார். 'மனுதாரர் பதில் அளிக்காததால் கோப்பு முடித்துவைக்கப்படுகிறது' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்த மனு எந்தக் காலத்திலும் மறுக்கப்படவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கோபாசிஸின் கதையைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு பொருளைத் தடை செய்தால் சத்தம் வரும், வழக்கு வரும். வாங்கி வைத்துக்கொண்டு, மறுக்காமல், கொடுக்காமல், மெதுவாக வேலை செய்தால் ஒரு சத்தமும் வராது.

எதிர்த்தரப்பையும் சொல்லாவிட்டால் நோட்டு முழுமை ஆகாது. செவ்ரான் அந்தக் கம்பெனியில் நிறையப் பணம் போட்டது. கோபாசிஸ் கலப்புவகைக் கார்களுக்குப் பாட்டரி விற்றது, ஓஹையோவில் தொழிற்சாலை வைத்திருந்தது. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பாட்டரிக்கும் குறைகள் உண்டு: விலை அதிகம், சார்ஜ் ஏற்றும்போது சூடாகும், சும்மா வைத்திருந்தால் தானே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 'வேண்டுமென்றே அமுக்கினார்கள்' என்று கையெழுத்திட்ட காகிதம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் என் கோப்பிலும் அப்படி ஒரு காகிதம் இல்லை. 2008இல் மெர்சிடிஸ் பென்ஸின் அமெரிக்கக் கிளையே, ஒப்புக்கொண்ட பாட்டரிகள் வந்து சேரவில்லை என்று கோபாசிஸ் மேல் வழக்குப் போட்டது. பென்ஸ் கம்பெனியையே காத்திருக்க வைத்தால் சில்லறை ஆட்கள் எம்மாத்திரம்?

எண்ணெய்க் கம்பெனிகள் எல்லாமே பாட்டரிக்கு எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. இன்றைக்கு நம் செல்போனிலும் ஸ்கூட்டரிலும் இருக்கும் லித்தியம் பாட்டரியின் முதல் வேலை 1970களில் எக்சான் என்ற எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்தான் நடந்தது. எண்ணெய் தட்டுப்பாட்டுப் பயத்தில் ஆரம்பித்தார்கள். தட்டுப்பாடு தீர்ந்ததும் 1980களின் தொடக்கத்தில் கைகழுவிவிட்டார்கள். அங்கே வேலை செய்த ஸ்டான்லி விட்டிங்காமுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியில் வழி திறந்ததும் லித்தியத்தால்தான். இம்பாக்ட் காரின் மின்னணுப் பகுதியை வடிவமைத்த ஆலன் கோக்கோனி தனியாகப் போய்ச் சிறு கம்பெனி வைத்து ஒரு கார் செய்தார். அதில் மடிக்கணினிக்குப் போடும் விரல் நீளச் சிறு லித்தியம் செல்களை ஆயிரக்கணக்கில் கோத்தார்கள். அதைப் பார்த்துத்தான் 2003இல், இ.வி.1 மூடப்பட்ட அதே ஆண்டில், டெஸ்லா கம்பெனி தொடங்கியது. அவர்களுடைய முதல் காரில் 6,831 செல்கள். பெரிய பாட்டரிக்கு யாரிடமும் போய் நிற்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இ.வி.1ஐக் கைவிட்டது தாம் செய்த மோசமான முடிவு என்று ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ரிக் வாகனரே 2006இல் ஒப்புக்கொண்டார்.

2009இல் கோபாசிஸை சாம்சங்-பாஷ் கூட்டுக் கம்பெனிக்கு விற்றார்கள். அதற்குள் நிக்கலின் காலம் முடிந்துவிட்டது. ஓவ்ஷின்ஸ்கியின் கம்பெனி 2012 பிப்ரவரியில் திவாலானது. மனைவி ஐரிஸ் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டிருந்தார். அதே 2012 அக்டோபரில், 89 வயதில், ஓவ்ஷின்ஸ்கியும் காலமானார். பிறர் சம்மதம் இல்லாமல் தன் பாட்டரியையே தன்னால் விற்கமுடியாமல் போன மனிதர்.

சொல்தா நண்பருக்கு விடை கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். எடிசன் செய்த நிக்கல்-இரும்புப் பாட்டரியைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுகிறேன், அது தனிக் கதை.

ஒரு வேண்டுகோள். வில்லியனூர் ரயில்வே கேட்டைத் தாண்டி, 1980களில் ஒரு சிறிய லேத் பட்டறை இருந்தது. வாசலில் வேப்பமரம், ஓட்டுக் கூரை. நான் ஒரே ஒரு முறை, ரிட்டயர் ஆன பிறகு தேடிப் போனேன். அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருந்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.